சசிதர் எழுதிய வரி

1999இல் ஆர்.எஸ்.புரத்து மென்பொருள் அலுவலகம் ஒன்றில், மற்ற புரோகிராம்களை ஓட்டாமலேயே வரிவரியாகப் படித்து ஓட்டை காட்டும் புரோகிராம் ஒன்றைக் கோகிலவாணி எழுதியிருந்தாள். வெளியார் தட்டும் சொல், சோதிக்கப்படாமல் தரவுத்தளக் கட்டளையில் சேர்ந்தால் அது பிடித்துவிடும். அந்த ஓட்டை வழியாக அடுத்தவர் விவரங்களைத் திருட முடியும்.

அன்று அது காட்டிய வரி, முன்பு அவள் பக்கத்து இருக்கையில் வேலை பார்த்த சசிதர் எழுதியது. புரோகிராமில் எதற்காவது பெயர் வைக்க வேண்டிய இடத்திலெல்லாம் தன் ஊரான பல்லடத்தையே வைப்பான். அமெரிக்கா போனவன் ஒரு போன்கூடப் பேசவில்லை.

“ஏனுங்கம்மணி, சரி பண்ணிப்போட்டீங்களா?” என்றார் மேலாளர் தனபால்.

“கொஞ்ச நேரமாகுமுங்க.”

அவன் பக்கத்தில் இருப்பதுபோல் அந்த வரியையே பார்த்திருந்தாள். பிறகு அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். தன் தப்பை இவள் பிடித்ததைக் கேட்டால் எப்படிச் சிரிப்பான்! சொல்லத்தான் அவன் நம்பர் அவளிடம் இல்லை.