ஆணிவாயர் தன் கடைவாய்ப் பல்லுக்குப் பார்த்த வைத்தியம்

ஆணிவாயர் என்றால்தான் தெருவில் அவரைத் தெரியும். பழைய சோபாக்களைப் பிரித்துப் புதுத் துணி போடுவது தொழில். ஒரு பிடி பொடி ஆணியை வாயில் போட்டுக்கொள்வார். நாக்கு ஒவ்வொன்றாகப் புரட்டி உதட்டுக்குத் தள்ளும். காந்தச் சுத்தியல் அதைக் கவ்விக்கொண்டு போய் மரச்சட்டத்தில் இறக்கும். அத்தனை ஆணியோடும் பேச்சு மட்டும் ஓயாது. காலும் ஒரு இடத்தில் தரிக்காது.

முப்பத்தொன்பதாவது வயதில் இடது கடைவாய்ப் பல்லில் ஓட்டை விழுந்தது. போச்சு நிம்மதி. அவருடைய அப்பா நாற்பது வயதில் பல் டாக்டரிடம் போய், ஒரே மாதத்தில் வாயைக் காலி செய்துகொண்டு வந்தவர். அதற்குப் பிறகு அப்பா வாய்விட்டுச் சிரித்து இவர் பார்த்ததில்லை. தனக்கும் அந்த கதிதானா என்று உள்ளுக்குள் நடுங்கினார், வெளியே வீறாப்பு.

மனைவிக்கும் அதே சமயம் ஒரு பல்லில் கூச்சம். "என்னங்க, ரெண்டு பேரும் போய்க் காட்டிட்டு வந்துடலாமே" என்றாள்.

"நீ சும்மா இரு. டாக்டர்னா பிடுங்கத்தான் தெரியும். உடைஞ்ச எலும்பு தானா கூடுதில்ல? பல்லு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

பூச்சி அரித்த சட்டம் வந்தால், மரத்தூளையும் பசையையும் குழைத்து ஓட்டையை அடைக்காமல் ஒரு ஆணி அடிக்க மாட்டார் இந்த மனிதர். தன் பல் ஓட்டை மட்டும் தானாகத் தூர்ந்துவிடுமாம். யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

காலையில் வெறும் வயிற்றில் கால் மணி நேரம் நல்லெண்ணெய் கொப்பளித்தார். அவ்வளவு நேரம் பேசாமல் இருக்க வேண்டுமே! 'ம்ம், ம்ஹும்' என்று கையை ஆட்டி மனைவியை அதட்டியதில் பாதி எண்ணெய் சட்டையில் வழிந்தது. அப்புறம் உப்புத் தண்ணீர், கொய்யா இலை வேகவைத்த தண்ணீர், ஓட்டைக்குள் கிராம்பு. இனிப்பை அடியோடு நிறுத்தினார். அதொன்றுதான் உருப்படியான காரியம். நாக்கோ சொல் பேச்சுக் கேட்காமல் அந்த ஓட்டையிலேயே போய் விழுந்து கிடந்தது. கத்தரியை எடுப்பார், வைத்துவிட்டுக் கண்ணாடி முன் போய் நிற்பார். ஒரு நாற்காலிக்கு முதுகுத்துணியைத் தலைகீழாக அடித்து, மறுபடி பிரித்தார்.

இருபதாம் நாள் காலை வலி இல்லை. ஆணியால் பல்லைத் தட்டிப் பார்த்தார். குளிர்ந்த தண்ணீரை அந்தப் பக்கமே வைத்துக் குடித்தார். ஒன்றும் இல்லை! தலைகால் புரியவில்லை அவருக்கு. கடைக்கு வந்தவர் போனவர் எல்லாருக்கும் வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"உன் பல்லு எப்படி?" என்று மனைவியைக் கேட்டார்.

"இப்பக் கூச்சமே இல்லைங்க."

"பாத்தியா! எல்லாம் எண்ணெய் பண்ற வேலை!"

பத்து நாள் கழித்து இடது கன்னம் பன் மாதிரி வீங்கியது. ஒரு ஆணி நுழையும் அளவுக்குத்தான் வாய் திறந்தது. காய்ச்சல் வேறு. மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பல் டாக்டர் அம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வலி நின்னது குணமாகி இல்லைங்க. உள்ளே நரம்பு செத்துப்போச்சு. சீழ் வேருக்குக் கீழே இறங்கி எலும்பை அரிச்சிருக்கு. சொத்தை வெறும் வெள்ளைப் புள்ளியா இருக்கும்போதே கவனிச்சா, ஃப்ளோரைடு பேஸ்ட் போட்டுத் தேய்ச்சு, இனிப்பைக் குறைச்சு, பல்லைத் தேத்திடலாம். ஓட்டை விழுந்துட்டா அது தானா மூடாது. நீங்க ஆரம்பத்துலயே வந்திருந்தா அடைச்சு அனுப்பியிருப்பேன்."

"இப்போ?"

"எடுத்துத்தான் ஆகணும்."

எதற்குப் பயந்து ஒரு மாதம் ஓடினாரோ, அது அவர் ஓடியதாலேயே வந்து நின்றது.

டாக்டர் மனைவியின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு அடைச்ச பல்லு எப்படி இருக்கும்மா?"

ஆணிவாயர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீ எப்ப வந்தே?"

"உங்களுக்கு வலி ஆரம்பிச்ச அதே வாரம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா என் பல்லும் போயிருக்கும்ங்க" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.