மிஞ்சிய பொட்டலம்

ஒரு புளிசாதப் பொட்டலம் மிஞ்சியது. இருபது பெண்கள், வார்டன் அம்மா ஒருவர், ஆக இருபத்தொரு பொட்டலம். உப்பங்கழியோர மணலில் வட்டமாக உட்கார்ந்து எல்லோரும் பிரித்துவிட்டோம். பையின் அடியில் ஒன்று மட்டும் கிடந்தது. அதைக் கையில் எடுத்தபோதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது.

அப்போது ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. தெற்கிலிருந்து வந்த நாங்கள் சேரப்பணஞ்சேரியில் ஒரு விடுதியில் தங்கியிருந்தோம். வார்டன் அம்மா அந்தப் பக்கத்துக்காரர். மாலை ஏழு மணிக்கு நீள நோட்டை விரித்து வைத்து, தலை நிமிராமல் கட்டில் எண்களைக் கூப்பிடுவார். நான் பதின்மூன்று. பக்கத்துக் கட்டில்காரி பதினாலு. அவள் ஷிப்ட் முடிந்து ஸ்ரீபெரும்புதூரில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போவாள். ஷேர் ஆட்டோ பிடித்து வந்து சேர ஏழரை ஆகிவிடும். மூன்று நாள் தாமதமானால் வீட்டுக்குக் கடிதம் போகும். கடிதம் போனால் அவள் அப்பா மறுநாளே வந்து பெட்டியைத் தூக்கிவிடுவார். அதனால் அவள் எண்ணுக்கும் நானே குரலைக் கொஞ்சம் மெலிதாக்கி "இருக்கேம்மா" என்று சொல்லிவிடுவேன். மாதக்கணக்கில் சொன்னேன். இதில் எனக்குப் பெருமை வேறு.

தன் கல்யாணத்துக்கு முன்பு சர்ச் பெண்களோடு போய்ப் பார்த்த குகைகளைப் பற்றி வார்டன் அம்மா பேசாத நாளில்லை. கடலோரக் கழியை ஒட்டி நடந்தால், தாழம்புதருக்குப் பின்னால் பாறையில் மூன்று குகைகள் ஒளிந்திருக்கின்றனவாம். நாங்கள் நம்பவில்லை. ரோஷம் வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துவிட்டார். பக்கத்துக் கட்டில் பதினாலு, முந்தின ராத்திரி ஷிப்டை முடித்து, கண்ணைக்கூட மூடாமல் வந்து வேனில் ஏறினாள்.

ஒற்றையடிப் பாதையில் சேறு செருப்பைப் பிடுங்கியது. காலடிச் சத்தத்துக்கு நண்டுகள் வளைக்குள் ஓடின. கடல் கழிக்குள் நுழையும் இடத்தில், முழங்கால் அளவுத் தண்ணீரைக் கடக்க வேண்டியிருந்தது. அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவரிடம் சாப்பாட்டுப் பையை ஒப்படைத்தோம். "மூணு மணிக்குள்ள வந்துருங்கம்மா. இன்னிக்கி அமாவாச, தண்ணி ஏறும்" என்றார் அவர்.

குகைகள் இருந்தன. "இப்ப இன்னாடி சொல்றீங்க?" என்று வார்டன் அம்மா இடுப்பில் கைவைத்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. முதல் இரண்டும் சிறியவை. மூன்றாவது தாழ்வாக, ஆழமாக, குளுகுளுவென்று இருந்தது. தரையில் ஈரமணல். சுவரில் என் இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர்க் கறை.

திரும்பும்போது பாறையடியில் நின்று எண்களைக் கூப்பிட்டார். "பதினாலு?" என் நாக்கு முந்திக்கொண்டது. "இருக்கேம்மா." அவள் பின்னால் வருகிறாளா என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழக்கதோஷம். தொடை அளவுத் தண்ணீரைத் தாண்டி வந்து, சோற்றைப் பிரித்து உட்கார்ந்துவிட்டோம். மிஞ்சிய பொட்டலத்தோடு நான் வார்டன் அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, பதினாலு வரலம்மா. நாந்தான் அவளுக்கும் சேத்துச் சொன்னேன்."

அவர் திட்டவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். "இரும்மா, கட்டுமரத்த எடுத்தாரேன்" என்று மீனவர் கத்தியதைக் காதில் வாங்கவில்லை. நானும் இறங்கினேன். எங்கள் இருவருக்கும் நீச்சல் தெரியாது. தண்ணீர் இடுப்பைத் தாண்டியது. அதுவரை எங்களை எண்ணாகவே கூப்பிட்டவர், அக்கரையில் அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினார். அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என் வாய்தான் காரணம். அந்த ஓட்டத்தில் எனக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை.

மூன்றாவது குகைக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. உள்ளே கொஞ்சம் மேடான மணலில், துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். கழற்றி வைத்த செருப்பைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டிருந்தது. உலுக்கியதும் எழுந்து, "என்னம்மா, ஷிப்டுக்கு நேரமாயிட்டா?" என்றாள். வார்டன் அம்மா அப்படியே தண்ணீரில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு அழுதார். நானும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அன்றைக்குப் போல நிம்மதியாக நான் அழுததே இல்லை.

கட்டுமரத்தில் திரும்பும்போது, விடுதியில் இத்தனை மாதம் சொன்ன பொய்யையும் ஒப்புக்கொண்டேன்.

"ஒன் கொரலு எனுக்குத் தெரியாதா? தெனம் நீதான் சொல்லிகினு கீறேன்னு தெரியும். படிக்கிற பொண்ணு, வந்துரும்னு கேட்டாண்ட குந்திகினு இருப்பேன். இன்னிக்கும் ஒன் கொரலுதான்னு தெரிஞ்சிது. அதே மாரி பின்னாலியே வந்துருவான்னு டிக் போட்டுட்டேன். தப்பு என்னுதும்தான்டி" என்றார்.

கரையில் இருபது பொட்டலமும் பிரித்தபடியே கிடந்தன. யாரும் ஒரு வாய்கூட வைத்திருக்கவில்லை. மிஞ்சிய பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தேன். அவள் ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் எங்களுக்குப் பசித்தது. மறுநாளிலிருந்து வார்டன் அம்மா ஒவ்வொரு முகமாக நிமிர்ந்து பார்த்துத்தான் டிக் போட்டார். வகுப்பு நாட்களில் பதினாலுக்கு எதிரே வெறுமையாக விட்டுவிட்டு, நாற்காலியைக் கேட்டுக்கு இழுத்துக்கொண்டு போவார். கடிதம் போகவே இல்லை.

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் முகத்தைக் காட்டினால்தான் வாசல் திறக்கும். ஒருத்திக்காக இன்னொருத்தி சொல்ல முடியாது. நல்லதுதான். அவள் வேறு ஊரில் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறாள். ஞாயிறு மதியம் தவறாமல் போன் வரும். "பதினாலு, இருக்கேன்டி" என்பாள், தன் சொந்தக் குரலில். நான் முதலில் கேட்பது, சாப்பிட்டுவிட்டாளா என்றுதான்.