சஷ்டி விரதமும் தளர்ந்த முகமூடியும்

நாக்கின் இடப்பக்க ஓரத்தில் ஒரு புண். கடைவாய்ப்பல் உரசுகிறது என்று நினைத்து மூன்று மாதம் தேன் பூசிக்கொண்டிருந்தேன். மகள் அபி அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். எனக்கென்று ஒரு நாள் ஒதுக்க மனம் வரவில்லை. முன்பே போயிருந்தால் என்று இன்றும் யோசிக்கிறேன்.

பயொப்சி (புண்ணில் சிறு துண்டு வெட்டிப் பார்க்கும் சோதனை) புற்றுநோய் என்றது. கழுத்துக்கும் பரவியிருந்தது. நான் வெற்றிலை போட்டதில்லை, புகைத்ததில்லை. "ஏன் எனக்கு?" என்று கேட்டேன். தெரியாது என்றார் டாக்டர். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

ஏழு வாரம் கதிர்வீச்சு. இடையிடையே கீமோதெரபி (இரத்தக்குழாய் வழியே ஏற்றும் மருந்து). மருந்து கட்டியைப் பலவீனமாக்கும், கதிர் அதைக் குறிபார்த்துச் சுடும் என்று விளக்கினார்கள். குறி தப்பாதிருக்கத் தலை அசையக்கூடாது. சுடுநீரில் இளக்கிய பிளாஸ்ரிக் வலையை என் முகத்தில் அழுத்தி ஒரு முகமூடி செய்தார்கள். தினமும் அதை மேசையோடு பூட்டிவிட்டுத்தான் கதிர் பாய்ச்சுவார்கள்.

மூன்றாம் வாரம் வாய் முழுவதும் வெந்துபோனது. நாளுக்கு ஆறு ரின் (தகரக் குவளை) சத்துப்பானம் குடிக்கச் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்துக் கந்தசஷ்டி வந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆறு நாளும் விரதம் பிடிப்பவள் நான். இந்த வருடம் விட்டுவிட்டு வேறு எப்போது முருகனிடம் கேட்பது? மாலையில் ஒரு கப் பால் மட்டும் குடித்தேன்.

கணவர் வேலையிலிருந்து தொலைபேசியில் கேட்பார். "ரின் குடிச்சனீரே?"

"ஓம், குடிச்சனான்." விரத நாளில் சொன்ன பொய்.

ஆறாம் நாள், சூரன்போர் அன்று, இயந்திரத்தை இயக்கும் எலேன் முகமூடியைப் பூட்டிவிட்டு என் கன்னத்துக்கும் வலைக்கும் இடையில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் தாராளமாக நுழைந்தது.

"இன்றைக்குக் கதிர் இல்லை. உள்ளே உங்கள் தலை அசைகிறது," என்றார்.

முகமூடி செய்த நாளைவிட ஐந்து கிலோ குறைந்திருந்தேன். புதிய முகமூடி, புதிய அளவுகள், மூன்று நாள் இடைவெளி. இடைவெளி கட்டிக்குத்தான் வசதி என்றார் டாக்டர். விரதத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "முதலே சொல்லியிருந்தால் சேர்ந்து யோசித்திருப்போமே," என்றார். கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டில் கணவர் குசினி (சமையலறை) அலுமாரியைத் திறந்தார். ரின்கள் அடுக்கியபடி இருந்தன.

"உதென்ன, முருகனுக்கோ எடுத்து வைச்சிருக்கிறீர்?"

"எனக்கு ஒண்டு நடந்தா அபியை ஆர் பாக்கிறது? அதுக்குத்தான் விரதம் பிடிச்சனான்."

"அதுக்குத்தானப்பா நானும் சாப்பிடச் சொல்லுறன்." ஒரு ரின்னைத் திறந்து நீட்டினார்.

அபி ஸ்ட்ரோவைப் போட்டாள். "ஓல் ஒஃப் இற், அம்மா! முழுக்கக் குடியுங்கோ!"

விரதம் முடிக்கும் பாறணைக்கு இன்னும் ஓர் இரவு இருந்தது. குடித்தேன். ஒவ்வொரு மிடறும் எரிந்தது.

அந்த மூன்று நாளும் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். பிறகு சிகிச்சை தடையின்றி முடிந்தது. சில மாதங்களின் பின் ஸ்கானில் கட்டி இல்லை. அந்த இடைவெளி ஏதும் கெடுதல் செய்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் அதோடு இருக்கப் பழகுகிறேன். இதே மேசையில் படுக்கப் போகிறவர்களே, விரதமோ நேர்த்திக்கடனோ, மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

உமிழ்நீர்ச் சுரப்பிகள் வறண்டுவிட்டன. ஒரு வாய் இடியப்பம், ஒரு மிடறு தண்ணீர். காலைச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம். முன்பு அந்த நேரத்தில் சமைத்து, அபியை வெளிக்கிடுத்தி, பஸ்ஸும் பிடித்திருப்பேன்.

இந்த வருடச் சஷ்டியின் முதல் நாள். சாப்பிட்டு முடித்து, சிகிச்சை முடிந்ததும் தந்துவிட்ட இரண்டாவது முகமூடியை அலுமாரியிலிருந்து எடுத்து முகத்தில் வைத்தேன். எலேன் செய்ததாக நான் சொல்லியிருந்தபடியே அபி தன் சின்ன விரலைக் கன்னத்தோரம் விட்டுப் பார்த்தாள்.

"விரல் உள்ளை போகேல்லை, அம்மா."