காதோரம் ஆட்டிய தீப்பெட்டி

தொழில் படுத்துக் கிடந்த வருஷம் எங்கள் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி தேர்தலில் நின்று எம்.எல்.ஏ. ஆகிவிட்டார். இனி ஆபீஸை மூடிவிடுவாரோ என்று பெட்டியில் குச்சி அடைக்கும் பெண்களான எங்களுக்கு ஒரே கவலை.

கோவில்பட்டியில் மேளதாளத்தோடு பாராட்டு விழா நடந்தது. குத்துவிளக்கு ஏற்றக் கட்சிக்காரர் ஒருவர் லைட்டரை நீட்டினார். எங்கள் பிழைப்பைக் கெடுத்ததே லைட்டர்தான். முதலாளி அதைத் தொடவில்லை. மாலைக்குள் கையை விட்டுச் சட்டைப்பையிலிருந்து எங்கள் தீப்பெட்டியை எடுத்து, வழக்கம்போலக் காதோரம் ஆட்டிப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த என்னை முறைத்தார்.

"ஏட்டி, குச்சி குறையுதே! திங்கக்கிழமை ஆபீஸ்ல வச்சுப் பேசிக்கிடுதேன்."

"சரி அண்ணாச்சி."

ஏச்சு வாங்கியபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. திங்கட்கிழமையும் ஆபீஸ் உண்டு. ஆனாலும் அத்தனை மேளச் சத்தத்தில் குச்சி குறைந்தது அவருக்கு எப்படிக் கேட்டது?