முறிந்த கையும் சரியான ரிப்போர்ட்டும்

லாண்டரியில் அவளைக் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். ஒருநாள் தும்மினாள், விலா எலும்பு முறிந்துபோனது. அடுத்த மாதம் ஈரத்துணிக் கூடையைத் தூக்கும்போது மணிக்கட்டு. தும்மினால் எலும்பு உடையுமா என்று ஊர் கேட்டது. பழி புருஷன் தலையில் விழுந்தது. அவன் பஸ் மெக்கானிக், அப்போது வாயில்லாப் பூச்சி. அவளுடைய அண்ணன் பணிமனை வாசலிலேயே பத்துப் பேர் பார்க்க அவனை அறைந்தான். அவர் என்னைத் தொடக்கூட இல்லை என்று இவள் கதறியது யார் காதிலும் ஏறவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பிறகுதான் டாக்டர் கண்டுபிடித்தார். கழுத்துக்குள் பாராதைராய்டு என்று அரிசியளவில் நாலு சுரப்பி, ஒன்றில் கட்டி. அது எலும்பிலிருக்கும் கால்சியத்தை உருவி ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அறுத்தெடுத்தார்கள். அண்ணன் கண்கலங்கி மச்சானிடம் மன்னிப்புக் கேட்டான். நாலு வருஷத்தில் இன்னொரு சுரப்பியில் கட்டி, தொடையெலும்பு முறிவு, மறுபடி கத்தி. அதற்குள் மெக்கானிக் ஊருக்கே உத்தமனாகியிருந்தான். பணிவிடை செய்து உத்தமனுக்கு அலுத்துவிட்டது. முதலில் வசவு, அப்புறம் தள்ளல். போன செவ்வாய்க்கிழமை, சாப்பாடு ஆறிவிட்டதென்று அவள் கையைப் பிடித்து முறுக்கினான்.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், யாரோ முறுக்கின மாதிரி உடைந்திருக்கிறதே என்றார்.

"இவர்தான் முறுக்கினாரு," என்றாள் அவள், பக்கத்தில் நின்ற புருஷனைக் காட்டி.

கூட வந்திருந்த அண்ணன் சங்கடத்தோடு சிரித்தான். ரத்தத்தில் கால்சியம் ஏறினால் புத்தி தடுமாறும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று டாக்டருக்கே ஞாபகப்படுத்தினான். அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்கள். அவளுக்கு இரண்டும் ஒரே பக்கம் நின்றன.

மூன்றாவது கட்டி இல்லையென்று ரத்த ரிப்போர்ட் சொன்னால் நம்பித்தானே ஆகவேண்டும்? அவளுக்கு இருந்த சாட்சி அந்த ஒரு தாள்தான். ரிப்போர்ட் சாயங்காலம் வந்தது. கால்சியம் சரியாக இருந்தது, மற்றதெல்லாமும் சரியாக இருந்தது. டாக்டர் அதை அண்ணனிடம் நீட்டினார். அவன் மேலும் கீழும் படித்தான்.

"மெஷின்ல ஏதோ கோளாறு சார். இன்னொரு தடவை எடுத்துப் பாத்துருங்க."

டாக்டர் வெளியே காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தார், சரி என்றார். நர்ஸ் ஊசியோடு வந்தாள். மெக்கானிக் மனைவியின் நல்ல கையை மெதுவாகப் பிடித்து நீட்டிக் கொடுத்தான்.