சோளத்துக்குக் குலவை

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசல் நிறையச் செருப்புகள். எல்லாம் பெண்கள் செருப்பு. உள்ளே குலவைச் சத்தம் வேறு. என்னவோ ஏதோ என்று பதறி ஓடினேன்.

பின்பக்கத்து ஸ்டோர் ரூமில் எங்கள் தெருப் பெண்கள் நெருக்கியடித்து நின்று குலவை போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில், ஈரச் சாக்கின் மேல்... என் சோளம்!

அது பீருக்காக முளைகட்டிய சோளம். அந்த அறையில் இது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று நான். இன்னொன்று, மூலையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி வடிவு.

பயப்படாதீர்கள். நம் ஊரில் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம் என்று எனக்கும் தெரியும். ஆளில்லாத சிக்னலில்கூட வண்டியை நிறுத்தி, பின்னால் வருகிறவரிடம் திட்டு வாங்குகிற ஜாதி நான். திட்டம் என் மச்சினனுடையது. அவனுக்கு ஜெர்மனியில் வேலை. அங்கே வீட்டில் காய்ச்சலாம். லீவில் வந்தவன் வாயைத் திறந்தால் பீர்தான்.

டப்பாவில் விற்கிற மால்ட் கரைசலை வாங்கிக் கலக்குவது அவனுக்குக் கேவலம். தானியத்திலிருந்து தொடங்க வேண்டுமாம். முளைகட்டி, காயவைத்து, உடைத்து, கை பொறுக்காத சூட்டில் ஊறவைத்தால் மாவெல்லாம் சர்க்கரையாக மாறும். அந்தத் தண்ணீரை வடித்து, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறியதும் ஈஸ்ட் சேர்க்க வேண்டும். வெள்ளைக்காரன் பார்லியில் செய்வதை இவன் விளாத்திகுளத்துச் சோளத்தில் செய்து அங்கே எல்லோரையும் அசத்தப் போகிறானாம். முளைகட்டிக் காயவைத்து மால்ட் ஆக்குவது மட்டும் இங்கே — நம் உப்பளத்து வெயில் அங்கே கிடைக்குமா? மற்றதெல்லாம் அங்கே. சோளத்தை முளைகட்டுவது எந்தச் சட்டத்தில் குற்றம்?

ஜூனில் நாங்கள் அங்கே போவதாக ஏற்பாடு. முதல் கிளாஸ் எனக்குத்தான் என்று சொல்லியிருந்தான். ஆசை யாரை விட்டது?

சோளத்தை ஊறப்போட்டுவிட்டு அவன் சாகுபுரத்தில் இருக்கிற தன் மாமனார் வீட்டுக்குக் கிளம்பினான். போகும்போது எனக்கு ஏகப்பட்ட கட்டளைகள். அறை இருட்டாக இருக்க வேண்டும். குளித்துவிட்டுத்தான் தொட வேண்டும். செருப்பு வெளியே. யாரையும் உள்ளே விடக்கூடாது. முக்கியமாக, கையில் மீன் கவிச்சி இருக்கவே கூடாது... பீரில் வந்துவிடும். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவதைவிட மீனையே விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். தூத்துக்குடியில் இருந்துகொண்டு! வழக்கமாக மீன் கொண்டுவருகிற அம்மா, சாருக்கு உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று வடிவிடம் விசாரித்துவிட்டுப் போனார்.

இப்போது நீங்களே கூட்டிப் பாருங்கள். தெருவில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கால் நாட்டியாயிற்று. ஒரு மனுஷன் மீனை விட்டு, குளித்து, செருப்பில்லாமல் இருட்டறைக்குள் போய்த் தானியத்துக்குத் தண்ணீர் தெளிக்கிறான். எங்கள் பக்கம் இதற்கு ஒரே அர்த்தம்தான் — முளைப்பாரி. தானியத்தை அம்மனுக்கு நேர்ந்து முளைக்கவைப்பார்கள். தளதளவென்று வளர்ந்தால் நினைத்தது நடக்கும். கடைசியில் ஊர்வலமாகக் கொண்டுபோய்த் தண்ணீரில் கரைப்பார்கள்.

தோசை மாவு கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் கண்ணில் இதெல்லாம் பட்டிருக்கிறது. தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

"இது வந்து பேச்சியம்மா..." என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்கவிடவில்லை.

"யாருக்காவ நேர்ந்திருக்கியன்னு நான் கேக்க மாட்டேன் அண்ணாச்சி. எம் மவ கலாவுக்காவ நானும் ஒரு கை பயறு இதுல கலந்துட்டேன். கோவிச்சிக்கிடாதிய."

கலா கல்யாணமாகிப் பல வருஷமாகக் குழந்தைக்குக் காத்திருக்கிறாள். பேச்சியம்மாள் பார்க்காத டாக்டர் இல்லை, ஏறாத கோயில் இல்லை. அவளிடம் போய், தாயே இது பீர் என்றா சொல்ல முடியும்? வடிவைப் பார்த்தேன். சொல்லித்தான் பாருங்களேன் என்பது போல ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

கொடுமை என்னவென்றால், முளை அன்றைக்குத்தான் சரியான பதத்தில் இருந்தது. மறுநாள் காலையில் மொட்டை மாடி வெயிலுக்குப் போக வேண்டியது. விட்டால் முளையே மாவைத் தின்றுவிடும், பீர் கோவிந்தா. தெரிந்தே தினமும் தண்ணீர் தெளித்தேன். அது பாட்டுக்கு வளர்ந்தது.

மச்சினன் திரும்பி வந்து பார்த்துத் தலையில் கைவைத்தான். "என்ன அத்தான் இது? இனி மாட்டுக்குத்தான் போடணும்."

"மாட்டுக்கு இல்லலே, அம்மனுக்கு" என்று நடந்ததைச் சொன்னேன். கொடையன்றைக்குப் பார்த்தால், வேட்டி கட்டிக்கொண்டு என்னோடு செருப்பில்லாமல் நடந்து வந்தான்.

சட்டிகளில் பிரித்து வைத்த முளைப்பாரியைப் பெண்கள் தலையில் சுமந்துபோய்க் கடலில் கரைத்தார்கள். திரும்பும்போது கலா என் பக்கத்தில் வந்தாள். துறைமுகத்துக்கு அருகே ஒரு ஷிப்பிங் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண்.

"மாமா, சோளம் எதுக்குன்னு எனக்குத் தெரியும். மால்ட்டைக் கப்பல்ல அனுப்ப முடியுமான்னு உங்க மச்சினர் சாகுபுரம் போற அன்னைக்கே எங்க ஆபீஸ்ல வந்து கேட்டாவ" என்றாள் மெதுவாக.

யார் காதிலாவது விழுந்ததா என்று திரும்பிப் பார்த்தேன்.

"அம்மைட்ட மட்டும் சொல்லிராதிய. பயறு போட்ட பொறவுதான் அவ நல்லா உறங்குதா."

நான், வடிவு, மச்சினன், கலா — விஷயம் தெரிந்த நான்கு பேரும், தெரியாத ஒருத்திக்காக வெறுங்காலோடு நடந்திருக்கிறோம். முன்னால் பேச்சியம்மாள் சிரித்துப் பேசிக்கொண்டே போய்க்கொண்டிருந்தாள். என் கை ராசியான கையாம். அடுத்த வருஷமும் முளைப்பாரி எங்கள் வீட்டில்தானாம். சம்மதித்துவிட்டேன். மீன்தான் பாவம்.

பேச்சியம்மாள் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை. அவளுக்குப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்து ராசிபலன் போதும். ஆனால் நீங்கள் படித்துவிட்டீர்கள். எங்கள் தெருப் பக்கம் வந்தால் — அது முளைப்பாரிதான், சரியா?