வெளியிலிருந்து நான் பூட்டிய வீடு

நவம்பர் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, காலை எட்டு மணி இருபது நிமிடம். வைப்பர் முழு வேகத்தில் ஓடியும் சாலை தெரியாத மழை. லூபோக் சீனாவில் பழைய தோட்டத்து நண்பரிடம் இரண்டு வாழைக்கன்று வாங்கிக்கொண்டு எங்கள் ஊர் புலாவ் செபாங்குக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. என் மனைவி கிரேஸ்.

"இஞ்சருங்கோ... இடது கை தூக்கேலாமக் கிடக்கு. விழுந்திட்டன். குசினியிலை..."

சமையலறையில் விழுந்து கிடக்கிறாள். வார்த்தைகள் குழறின. பிறகு மூச்சுச் சத்தம் மட்டும்.

செம்பனை மரங்களின் ஓரமாக வண்டியை நிறுத்தி ஆம்புலன்ஸுக்கு அழைத்தேன். எதிர்முனையில் ஒரு பெண் மலாயில் நிதானமாக விலாசம் கேட்டாள். வண்டி புறப்படும் என்றாள். கடைசியாக, "கதவு திறந்திருக்கிறதா?" என்றாள்.

திறந்திருக்கவில்லை. நான்தான் பூட்டியிருந்தேன். வெளியே போகும்போதெல்லாம் அப்படித்தான் செய்வேன், கிரேஸ் உள்ளே இருந்தாலும். கேட்டில் இரண்டு பூட்டு, கிரில்லில் இரண்டு, மரக்கதவில் கொண்டி போட்டு ஒன்று. பின்வாசலுக்குக் கம்பி வைத்து நிரந்தரமாகவே அடைத்தாகிவிட்டது. ஒரு சாவிக்கொத்து என் இடுப்பில். இன்னொன்று வீட்டு அலமாரியில். அலமாரி கிரேஸ் விழுந்து கிடந்த இடத்திலிருந்து இரண்டு அறை தள்ளி இருந்தது. எனக்கும் வீட்டுக்கும் நாற்பது நிமிட தூரம், மழையில் அதற்கும் மேலே.

இந்தப் பூட்டுகளைப் பற்றிச் சொல்லாமல், ஆண்டவர் எனக்குச் செய்ததைப் பற்றிய என் சாட்சியைச் சொல்ல முடியாது. ஓய்வு பெறும்வரை தோட்ட ஆபீசில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்தேன். ஸ்டோர் சாவி என் கையில்தான். சாவி இருக்கிற கைக்குத்தான் மரியாதை என்று பழகிவிட்டேன். பிறகு எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் திருட்டு நடந்தது. அன்று மாலையே மூன்றாவது பூட்டு வந்தது. மற்றவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு செய்தித்தாள் செய்திக்காக வந்தவை.

எங்கள் சபையில் 'கூட நடத்தல்' என்று ஒரு வழக்கம் உண்டு. விசுவாசத்தில் மூத்தவர் ஒருவர், புதியவர் ஒருவர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சந்திக்க வேண்டும். பிரசங்கம் கிடையாது. ஒரே கேள்வி: இந்த இரண்டு வாரத்தில் எந்தக் காரியத்தில் இயேசு ஆண்டவராக இருந்தார், எதில் நீயே ஆண்டவனாக இருந்தாய்? பதில் சொன்ன பிறகு, அடுத்த சந்திப்புக்குள் செய்ய வேண்டிய ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கலாம். கேள்வி இரண்டு பக்கமும் போக வேண்டும் என்பது விதி. நான் அதை ஒரு பக்கமாகவே வைத்துக்கொண்டேன்.

என்னோடு நடப்பவர் ஜெயசீலன். நாற்பத்தாறு வயது, புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை கண்ணீரோடு பாடுவார். திங்கட்கிழமை தனக்குக் கீழே வேலை செய்கிற நேப்பாளத்துப் பிள்ளைகளை வாய்க்கு வந்தபடி ஏசுவார். அவரே சொன்னதுதான். "ஞாயிற்றுக்கிழமை ஆண்டவர் தொழிற்சாலை வாசலோடு திரும்பிவிடுகிறாரா?" என்று கேட்டேன். அவர் யோசித்தார். இரண்டு வாரம் கழித்து, எல்லோர் முன்னிலையிலும் ஏசிய பையனிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். முகம் கழுவியதுபோல் இருந்தது. எனக்குப் பெருமை. என் பெருமை என்றே நினைத்தேன்.

அன்று சந்திப்பு எங்கள் வீட்டில்; வெளியே போயிருந்த நானும் அவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தோம். தேநீரைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அங்கிள், நான் செஞ்சிட்டேன். இப்ப உங்க டர்ன் லா."

"எனக்கு என்ன இருக்கு?"

"உள்ள வர்றதுக்குள்ள நான் நனைஞ்சிட்டேன் அங்கிள். அஞ்சு பூட்டு திறந்தீங்க. ஆன்ட்டி உள்ளதான் இருந்தாங்க. இயேசு வந்தாக்கூட கேட்ல நின்னு ஹார்ன் அடிக்கணும் போல."

கிரேஸ் சமையலறையிலிருந்து உரக்கச் சிரித்தாள். எனக்குக் கோபம்.

"காலம் கெட்டுக் கிடக்குது தம்பி. இது புத்தி, விசுவாசக் குறைவு இல்ல."

"சரி அங்கிள். ஒரு சாவியைப் பக்கத்து வீட்டு ஹஷிம் பாய்கிட்ட கொடுத்து வைங்களேன். அவசரத்துக்கு."

"ஒன்பது வருஷமா பக்கத்துல இருக்கார், போன் நம்பர்கூட நான் வாங்கினதில்ல. சாவி கொடுக்கிறதா?"

அவர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். போகும்போதுதான் தெரிந்தது, அவருடைய கார் ஹஷிம் வீட்டு வாசலை மறித்து நின்றது. ஹஷிம் வெளியே நின்றார். இருவரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள், கைப்பேசிகளை எடுத்து எண்களைப் பதிந்துகொண்டார்கள். "அடுத்த தடவை மறிச்சா கூப்பிடச் சொன்னேன்" என்றார் ஜெயசீலன். யாரென்று தெரியாதவருக்கெல்லாம் நம்பரைக் கொடுப்பார்களா என்று அதற்கும் முணுமுணுத்தேன்.

இது நடந்தது செப்டம்பர் கடைசியில்.

நவம்பர் ஒன்பதாம் தேதி, மழைக்குள், வண்டியில் உட்கார்ந்து நான் ஜெபித்த ஜெபம் நீளமானது அல்ல. சபையில் நீளமாக ஜெபிக்கிறவன் நான். அன்று வாய் வரவில்லை. "ஆண்டவரே, நான் பூட்டினதை நீர் திறவும்." அவ்வளவுதான். சொல்லி முடித்ததும் ஜெயசீலன் முகம் வந்தது. அழைத்தேன். பாதி சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"அங்கிள், அழாதீங்க. என்கிட்ட ஹஷிம் பாய் நம்பர் இருக்கு. போனை வெய்ங்க."

நான் அந்த நேரத்தை எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. பிறகு முன்பின் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. ஹஷிம். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக என்னோடு தொலைபேசியில் பேசினார். மழைச் சத்தத்துக்கு மேலே மலாயில், மாமா முறையில் 'பக்சிக்' என்று கூப்பிட்டுக் கத்தினார்.

"பக்சிக், ஆன்ட்டி குரல் கேட்கிறது, பதில் சொல்கிறார். என்னிடம் இரும்பு அறுக்கிற கிரைண்டர் இருக்கிறது. ஒயர் இழுத்தாகிவிட்டது. என் மனைவி குடை பிடிக்கிறாள். வெட்டலாமா?"

இங்கேதான் என் இருதயம் எனக்கே தெரிந்தது. என் மனைவி தரையில் கிடக்கிறாள். என் வாயில் வந்த சொல் என்ன தெரியுமா? "கிரில் பூட்டு விலை கூடியது..." பாதியில் நின்றேன். மற்றவர்களிடம் இத்தனை வருடம் நான் கேட்ட கேள்வி எனக்கு முன்னால் வந்து நின்றது. இதில் யார் ஆண்டவர்?

"எல்லாவற்றையும் வெட்டுங்கள்" என்றேன்.

அந்த இரும்பு அறுபடும் சத்தத்தைத் தொலைபேசியில் கேட்டேன். அதைவிட இனிமையான சத்தத்தை நான் எந்த ஆலயத்திலும் கேட்டதில்லை. ஹஷிமின் மனைவி முதலில் உள்ளே ஓடி, கிரேஸின் தலையை மடியில் வைத்துக்கொண்டாராம். ஆம்புலன்ஸ் வந்தபோது வழியெல்லாம் திறந்திருந்தது.

பக்கவாதம், நேரத்தோடு கொண்டுவந்ததால் மருந்து கொடுக்க முடிந்தது என்றார் மருத்துவர். மூன்றாம் நாள் கிரேஸ் விரலை அசைத்தாள். இன்று ஊன்றுகோலோடு நடக்கிறாள், இடது கையால் கோப்பையைப் பிடிக்கிறாள். கொஞ்சம் சிந்துகிறது. சிந்தட்டும்.

நான் திரும்பத் திரும்ப யோசிப்பது இதைத்தான். நான் ஜெபித்தது நவம்பரில். பதிலை ஆண்டவர் செப்டம்பரிலேயே வைத்துவிட்டார், நான் முணுமுணுத்த ஒரு காரியத்துக்குள். சீஷர்கள் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது உயிர்த்தெழுந்த இயேசு உள்ளே வந்து நின்றாரே, அவருக்கு என் பூட்டுகள் தடையில்லை. தடை கிரேஸுக்குத்தான் இருந்தது. பயத்தை ஆண்டவனாக வைத்திருக்கிறவன், தன் வீட்டாரையும் அதற்குக் கீழ்ப்படிய வைக்கிறான்.

இப்போது நானும் ஜெயசீலனும் கேள்வியை இரண்டு பக்கமும் கேட்கிறோம். அவருக்கு என்னைக் கேட்பதில்தான் அதிக உற்சாகம். கவலை என்னை விட்டுப் போய்விட்டது என்று சொன்னால் பொய். இரவில் எழுந்து கேட்டைப் பார்க்கிறேன். பார்த்துவிட்டு, அவரிடம் ஒப்படைத்துவிட்டு, படுத்துக்கொள்கிறேன்.

அன்பானவர்களே, உங்களோடும் ஒருவரை நடக்க விடுங்கள். அவர் உங்கள் வீட்டில் எதையாவது சுட்டிக்காட்டினால் கோபப்படாமல் ஒருநாள் பொறுத்துப் பாருங்கள். பெரிய காரியமாக இராது. ஒரு பூட்டாக இருக்கும், ஒரு போன் நம்பராக இருக்கும். அதையும் ஆண்டவர் கையில் கொடுத்துப் பாருங்கள். அவர் நல்லவர்.

ஹஷிம் கூலி வாங்க மறுத்துவிட்டார். கிரில்லையும் கேட்டையும் பற்றவைக்க நூற்று இருபது ரிங்கிட். புதுப் பூட்டு ஒன்றே ஒன்று, முப்பத்தெட்டு. ஹஷிமுக்கும் ஜெயசீலனுக்கும் சாவி நகல் இரண்டு, பன்னிரண்டு. மொத்தம் நூற்று எழுபது ரிங்கிட்.